யார் முதலிடம்?

மதிப்பெண்ணும் தரவரிசையும் பிறந்து வளர்ந்த கதை
வரலாற்றுத் தொடர்

அத்தியாயம் 1: மாடத்தில் காத்திருந்தவர்கள்

1890 ஜூன் 7. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் மண்டபத்தில் நிற்க இடமில்லை. கீழே தரை முழுக்க மாணவர்கள். மேலே மாடத்தில் நியூன்ஹம், கர்ட்டன் என்ற இரண்டு பெண்கள் கல்லூரிகளிலிருந்து வந்த மாணவிகள். சற்று நேரத்தில் கணிதத் தேர்வின் முடிவை வாசிக்கப்போகிறார்கள்.

யாருக்கு எத்தனை மார்க் என்பது வெளியே வராது. யார் முதல், யார் இரண்டாவது, யார் கடைசி என்ற வரிசையைத்தான் வாசிப்பார்கள். முதல் வகுப்பில் தேறியவர்களுக்கு ரேங்ளர் என்று பெயர். அவர்களில் முதலாமவர் சீனியர் ரேங்ளர். அந்தப் பெயரைப் பத்திரிகைகள் கொண்டாடும். ஆயுள் முழுக்க அந்த அடையாளம் கூடவே வரும்.

மாடத்தில் இருந்தவர்களுக்கு இன்னொரு பதற்றமும் இருந்தது. அவர்களில் ஒருவரும் அந்தத் தேர்வை எழுதியிருந்தார். பெயர் பிலிப்பா ஃபாசெட். வயது 22. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய மில்லிசென்ட் ஃபாசெட்டின் ஒரே மகள்.

அவர் எப்படி எழுதியிருந்தாலும் அந்த வரிசையில் அவருக்கு இடம் கிடையாது. விதி அப்படி.

ஒரு பெயர் வரிசைக்கு எப்படி வந்தது இவ்வளவு மரியாதை? அதைத் தெரிந்துகொள்ள நூறு வருடம் பின்னால் போகவேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் கேம்பிரிட்ஜில் தேர்வு என்றால் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான். மாணவர் ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு லத்தீனில் வாதாடுவார். எதிரில் இருப்பவர்கள் லத்தீனிலேயே மறுப்பார்கள். நடுவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஆள் தேறுவாரா என்று மனதுக்குள் எடை போடுவார். அந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுத்துத் தேர்வும் வரிசைப் பட்டியலும் மெல்ல வலுத்தன. ஆனாலும் பட்டியலில் யாரை எங்கே வைப்பது என்பது நடுவரின் அபிப்பிராயத்தைப் பொறுத்தே இருந்தது. தன் கல்லூரிப் பையன், தெரிந்தவர் வீட்டுப் பிள்ளை என்ற நினைப்பு குறுக்கே வந்தால் கேட்பதற்கு ஆளில்லை.

1792இல் தேர்வு நடத்தும் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் வில்லியம் ஃபாரிஷ். இயந்திர மாதிரிகளைப் பாகம் பாகமாகக் கழற்றி, திரும்பப் பூட்டிக் காட்டிப் பாடம் எடுத்ததற்காகப் பின்னாளில் பேர்பெற்ற பேராசிரியர். அவர் சொன்ன யோசனை மிக எளியது. மொத்தமாக ஆளை எடை போடவேண்டாம். ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாக மதிப்பெண் போடுவோம். கடைசியில் கூட்டுவோம்.

இன்று எந்த ஆசிரியரும் யோசிக்காமல் செய்கிற வேலை இது. அன்று இது பெரிய மாற்றம். நடுவரின் மனதில் இருந்த தீர்ப்பு காகிதத்துக்கு வந்தது. கூட்டிப் பார்த்தால் யாருக்கும் அதே விடைதான் வரும். சிபாரிசுக்கு எதிரான ஆயுதமாகத்தான் மதிப்பெண் அங்கே நுழைந்தது. இந்தத் தொடர் முழுக்க இதை நாம் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஆயுதம் கைக்கு வந்ததும் தேர்வு வளர்ந்தது. 1854இல் அந்தக் கணிதத் தேர்வு எட்டு நாள் நடந்தது. 16 வினாத்தாள்கள், 211 கேள்விகள், நாற்பத்து நாலரை மணி நேரம். இவ்வளவையும் தாக்குப்பிடிக்கப் பல்கலைக்கழகத்தின் விரிவுரை மட்டும் போதவில்லை. தனியார் பயிற்சி ஆசிரியர்கள் கிளம்பினார்கள். அவர்களில் பெரும்புள்ளி எட்வர்ட் ரௌத். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அவருடைய பயிற்சி வகுப்பிலிருந்து 25க்கும் மேற்பட்ட சீனியர் ரேங்ளர்கள் வந்தார்கள். நம் ஊர் கோச்சிங் சென்டர்களுக்கு ஒரு கொள்ளுத்தாத்தா உண்டென்றால் அவர் இவர்தான்.

அந்த 1854ஆம் வருடம் முதலிடம் பிடித்தவரும் ரௌத்தான். இரண்டாம் இடம் பெற்றவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். ஒளியும் மின்சாரமும் காந்தமும் ஒரே சமன்பாடுகளுக்குள் அடங்கும் என்று உலகத்துக்குக் காட்டியவர். 1845இல் இரண்டாம் இடம் பெற்றவர் பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன். அவரை முந்திய பார்க்கின்சன், வேகமாக எழுதுவதைத் தனிப் பயிற்சியாகவே செய்தவர். எலக்ட்ரானைக் கண்டுபிடித்த ஜே. ஜே. தாம்சனும் 1880இல் இரண்டாவதுதான்.

அதே 1880இல் இன்னொன்றும் நடந்தது. சார்லட் ஸ்காட் என்ற கர்ட்டன் கல்லூரி மாணவி, ஆசிரியர்களின் சம்மதத்துடன், அதிகாரபூர்வமில்லாமல் அந்தத் தேர்வை எழுதினார். அவர் எடுத்த மதிப்பெண் எட்டாவது ரேங்ளருக்குச் சமம். முடிவு வாசித்த நாளில் எட்டாவது பெயர் வந்தபோது மாணவர்களே அந்த ஆண் பெயரை அமுக்கிவிட்டு, “கர்ட்டன் ஸ்காட்!” என்று கத்தினார்கள். அடுத்த ஆண்டே பல்கலைக்கழகம் விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. பெண்கள் தேர்வு எழுதலாம். பட்டம் கிடையாது. ஆண்களின் வரிசையில் இடமும் கிடையாது. இன்னாருக்குச் சமம், இன்னாருக்கும் இன்னாருக்கும் நடுவில் என்று தனியாகச் சொல்வார்கள்.

1890 ஜூன் 7க்குத் திரும்புவோம். ஆண்களின் பட்டியல் முதலில் வந்தது. சீனியர் ரேங்ளர் பென்னட். கூட்டம் ஆர்ப்பரித்தது. வரிசையாகப் பெயர்கள் வந்து முடிந்தன. பெண்களின் முடிவை வாசிக்கச் சொல்லிக் கீழேயிருந்து குரல்கள் எழுந்தன. தேர்வாளர் அடுத்த தாளை எடுத்தார். முதல் பெயர் ஃபாசெட். அவர் எந்த ரேங்ளருக்குச் சமம்? எந்த இருவருக்கு நடுவில்?

தேர்வாளர் வாசித்த வாசகம் அந்த மண்டபத்தில் அதுவரை யாரும் கேட்டிராதது.

(அடுத்த வாரம்)

அத்தியாயம் 2: முதலாமவருக்கும் மேலே

“சீனியர் ரேங்ளருக்கு மேலே.”

அந்த வாசகம் முழுதாகக் காதில் விழுவதற்குள் மண்டபம் அதிர்ந்தது. பிலிப்பா ஃபாசெட் அடுத்தவரைவிட 13 சதவீதம் கூடுதல் மதிப்பெண் எடுத்திருந்தார். சமம், நடுவில் என்று சொல்லப் பழகியிருந்த பல்கலைக்கழகம், முதலாமவருக்கு மேலே ஒருவர் உண்டு என்று தன் வாயாலேயே சொல்லவேண்டி வந்தது.

ஆனாலும் சீனியர் ரேங்ளர் பட்டம் பென்னட்டுக்குத்தான் போனது. ஃபாசெட்டுக்குப் பட்டமே இல்லை. பெண்களுக்கும் பட்டம் கொடுக்கலாமா என்று 1897இல் ஓட்டெடுப்பு வைத்தார்கள். எதிர்த்த மாணவர்கள், சைக்கிள் ஓட்டும் பெண் ஒருத்தியின் உருவபொம்மையைச் செனட் ஹவுஸுக்கு எதிரே உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். தீர்மானம் பெரும் வித்தியாசத்தில் தோற்றது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1948இல். ஃபாசெட் காலமானதும் அதே வருடம்தான்.

இங்கே நாம் கொஞ்சம் நிற்கவேண்டும். ஃபாசெட்டுக்கு நீதி மறுத்தது எது, கொடுத்தது எது? மறுத்தது பல்கலைக்கழகத்தின் விதி. கொடுத்தது மதிப்பெண். பெண்களுக்குக் கணிதம் வராது என்று அன்றைக்குப் படித்தவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவரின் அபிப்பிராயத்தைக் கேட்டு முடிவு செய்யும் பழைய முறை இருந்திருந்தால், அந்தப் பெண்ணை எட்டாவது இடத்தில் வைத்திருப்பார்கள். யாரும் கேட்டிருக்க முடியாது. கேள்விக்குக் கேள்வி போட்ட மதிப்பெண்ணைக் கூட்டியதால்தான் உண்மையை மறைக்க முடியாமல் போனது.

ஒன்பது வருடம் கழித்து, 1899இல், அதே பட்டியல் இன்னொரு பேச்சையும் அடக்கியது. கொங்கணக் கடலோரத்திலிருந்து புறப்பட்டு, புனே ஃபெர்குசன் கல்லூரி வழியாகக் கேம்பிரிட்ஜுக்குப் போன ரகுநாத் பராஞ்சபே அந்த ஆண்டின் சீனியர் ரேங்ளர். இன்னொருவருடன் சேர்ந்து முதலிடம். ஆளும் நாட்டின் மிகக் கடினமான தேர்வில், ஆளப்படும் நாட்டவர் முதலாவது. இந்தியா முழுக்க அது செய்தியானது. சிபாரிசு இல்லாதவருக்கும் வெளியாளுக்கும் ஒரு வாசலைத் திறந்துவிட்டது எண்தான். தேர்வையும் மதிப்பெண்ணையும் விமர்சிக்கிற எவரும் இந்த நன்றியை மறக்கக்கூடாது.

அப்படியானால் குறை எங்கே?

பராஞ்சபே முதலிடம் பிடிப்பதற்கு முந்தைய ஆண்டு, 1898இல், டிரினிட்டி கல்லூரியின் காட்ஃப்ரி ஹரால்ட் ஹார்டி நான்காவதாக வந்தார். ஹார்டிக்கு அந்தத் தேர்வுக்குத் தயாராவதே வெறுப்பாக இருந்தது. பயிற்சி ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது கணக்கு அல்ல, கேள்வியைப் பார்த்ததும் எந்த உத்தியை எடுத்து வீசுவது என்ற சாமர்த்தியம். கணிதத்தையே விட்டுவிட்டு வரலாறு படிக்கலாமா என்றுகூட அவர் யோசித்தார். லவ் என்ற ஆசிரியர் கையில் கொடுத்த பிரெஞ்சுக் கணிதர் ஜோர்டானின் நூல்தான் அவரைத் தடுத்தது. உண்மையான கணிதம் எப்படி இருக்கும் என்று அதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டதாக ஹார்டி பின்னாளில் எழுதினார். உலகின் பேர்பெற்ற கணிதத் தேர்வுக்கு வருடக்கணக்கில் உழைத்த மாணவர், கணிதம் என்றால் என்ன என்பதைத் தேர்வுக்கு வெளியே இருந்த புத்தகத்தில் கண்டுபிடித்தார். குறை இதுதான்.

வரிசை எண்ணால் ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும்: இவருக்கு முன்னால் எத்தனை பேர் என்று. கிளினிக்கில் கொடுக்கும் டோக்கன் மாதிரி. டோக்கனில் நான்கு என்று இருந்தால், உள்ளே போக மூன்று பேர் இருக்கிறார்கள் என்று தெரியும். உடம்புக்கு என்ன என்று அது சொல்லாது. என்ன மருந்து என்றும் சொல்லாது. மக்கள்தொகை பற்றிய சிந்தனையை மாற்றிய மால்தஸ் 1788இல் ஒன்பதாவது ரேங்ளர். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1893இல் ஏழாவது. பொருளாதாரத்தை மாற்றி எழுதிய கீன்ஸ் 1905இல் பன்னிரண்டாவது. இந்த எண்களை வைத்துக்கொண்டு அந்த மூவரைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

கேடு அதோடு நிற்கவில்லை. வரிசையில் ஓர் இடம் முன்னேற வேண்டுமென்றால், எந்தப் பாடம் பயனுள்ளது என்று பார்க்க முடியாது. எது அதிக மார்க் தரும் என்றுதான் பார்க்கவேண்டும். ஐரோப்பாவில் கணிதம் புதிய திசைகளில் பாய்ந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் கூர்மையான மூளைகள் பழைய வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தன.

ஹார்டி சீர்திருத்தக்காரர்களோடு சேர்ந்தார். பழைய மாணவர்கள் பலர் கொதித்தார்கள். பட்டியல் போனால் கேம்பிரிட்ஜின் மானமே போய்விடும் என்றார்கள். கடைசியில் சீர்திருத்தம் வென்றது. 1909 ஜூன் மாதத்தில் வரிசைப் பட்டியல் கடைசி முறையாக வாசிக்கப்பட்டது. அன்றைய முதலாமவர் டேனியல். கடைசி இடம் பெற்றவருக்கு மரக்கரண்டி கொடுத்துக் கேலி செய்வது அங்கே வெகுகாலப் பழக்கம். அந்த வருடம் அது படகுவீரரான ஹோல்ட்ஹவுஸ் என்பவருக்குக் கிடைத்தது. துடுப்பை வைத்தே செய்த, ஒரு மீட்டருக்கும் நீளமான கரண்டி. அதன் பிறகு கரண்டி கொடுக்க வழியில்லாமல் போயிற்று. 1910 முதல் ஒவ்வொரு வகுப்பிலும் தேறியவர்களின் பெயர்கள் அகரவரிசையில் வந்தன. யார் முதல், யார் கடைசி என்று ஊருக்குத் தெரியாது.

ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்துக்கே முன்மாதிரியாக இருந்த பட்டியலை, அதைப் பெற்றெடுத்த ஊரே எடுத்துப் போட்டது.

மூன்றரை வருடம் கழிந்தது. 1913 ஜனவரி கடைசியில் ஹார்டியின் மேசைக்குத் தடிமனான ஓர் உறை வந்தது. உள்ளே பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள், நூற்றுக்கும் மேல். பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் இல்லை. எழுதியவர் மெட்ராஸ் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. பட்டதாரி இல்லை. கல்லூரித் தேர்வில் ஒருமுறைக்கு மேல் தோற்றவர்.

இதே ஆள் கேம்பிரிட்ஜில் வேறு இருவருக்கும் ஏற்கெனவே எழுதியிருந்தார். அவர்கள் இருவரும் ஒரு காலத்தில் சீனியர் ரேங்ளர்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள்?

(அடுத்த வாரம்)

அத்தியாயம் 3: நோட்டுப் புத்தகமும் மதிப்பெண் பட்டியலும்

ஹாப்சன், 1878இன் சீனியர் ரேங்ளர். பேக்கர், 1887இல் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர். கடிதம் எழுதிய கும்பகோணத்து ராமானுஜனுக்கு இருவரும் உதவ முன்வரவில்லை. தேர்வில் நான்காவதாக வந்த ஹார்டி, கடிதம் வந்த அன்று மாலை சக கணிதர் லிட்டில்வுட்டைக் கூப்பிட்டார். இருவரும் நள்ளிரவு நெருங்கும்வரை அந்தத் தாள்களோடு உட்கார்ந்தார்கள். எழுந்தபோது, எழுதியவர் முதல்தரக் கணித மேதை என்பதில் சந்தேகம் இருக்கவில்லை.

முதலிடம் பிடித்தவர்களுக்கு மேதையை அடையாளம் தெரியாது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது தப்பு. லிட்டில்வுட்டும் 1905இல் முதலிடம் பெற்றவர்தான். 1913 பிப்ரவரியில் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்தபோது ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, மறுநாளே பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதிய வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் 1889இன் சீனியர் ரேங்ளர். வித்தியாசம் எங்கே என்றால், யார் எழுதிய தாள் என்று பார்ப்பதற்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கும் நடுவில்.

ராமானுஜன் கதை நமக்கு மனப்பாடம். அதை மதிப்பெண் பக்கமிருந்து ஒருமுறை பார்ப்போம். 1897இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல். 1904இல் டவுன் ஹைஸ்கூலில் கணிதப் பரிசு. முழு மதிப்பெண்ணே இந்தப் பையனுக்குக் குறைவு என்று பாராட்டினார் தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடம். அதுவரை பட்டியல் அவருக்குத் துணை நின்றது.

கல்லூரியின் எஃப்.ஏ. வகுப்பில் கணிதத்தோடு ஆங்கிலம், சமஸ்கிருதம், கிரேக்க ரோம வரலாறு, உடலியல் எல்லாம் இருந்தன. எல்லாவற்றிலும் தேறினால்தான் தேர்ச்சி. கணிதம் தவிர மற்றவற்றில் பின்தங்கியதால் உதவித்தொகை பறிபோனது. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, 1906இல் எஃப்.ஏ.யில் தோல்வி. 1907இல் தனித்தேர்வராக எழுதி மறுபடியும் தோல்வி. உடலியல் அவரை விடாமல் கீழே இழுத்தது. தேர்வு முடிவுச் சீட்டில் இருந்தது ஒரே செய்தி: தேறவில்லை. அந்த வருடங்களில் அவர் நோட்டுப் புத்தகங்களில் என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்று சொல்ல அந்தச் சீட்டில் ஒரு கட்டமும் இல்லை.

அவருக்குக் கணிதத்தின் கதவைத் திறந்த கார் என்பவரின் புத்தகத்துக்கும் இந்தத் தொடரில் இடம் உண்டு. கார் ஒரு பயிற்சி ஆசிரியர். நாம் இரண்டு வாரமாகப் பார்த்த அதே கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்ய அவர் தொகுத்த சூத்திரக் களஞ்சியம் அது. தேர்வில் முந்துவதற்காக எழுதப்பட்ட புத்தகம், தேர்வையே கண்டுகொள்ளாத ஒரு பையனின் கையில் கிடைத்து, எழுதியவர் நினைத்தும் பார்க்காத இடத்துக்கு அவனைக் கொண்டுபோனது.

வேலை கேட்டு அலைந்த நாட்களில் ராமானுஜன் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரிடம் போனார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். தாலுகா ஆபீஸில் ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றுதான் ராமானுஜன் போனார். கையில் காட்டுவதற்கு இருந்தது நோட்டுப் புத்தகம் மட்டும். ராமசாமி ஐயர் அதைப் புரட்டினார். புரட்டியவருக்கு, இந்த ஆளை வருவாய்த் துறையின் கீழ்ப்படியில் உட்கார வைப்பது பாவம் என்று பட்டது. வேலை கொடுக்கவில்லை. மெட்ராஸில் கணிதம் தெரிந்தவர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். துறைமுக வேலையும், கேம்பிரிட்ஜுக்குக் கடிதமும், பல்கலைக்கழக உதவியும் அந்த அறிமுகத்திலிருந்து கிளைத்தவை.

1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. முதுகலைப் பட்டம் வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. ஆட்சிக்குழு அதைத் தாண்டி முடிவெடுத்தது. தோற்றுவிட்டார் என்று இரண்டு முறை எழுதிக்கொடுத்த அதே பல்கலைக்கழகம் அது. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆய்வுக்காகப் பட்டம் தந்தது. 1918இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

எல்லாக் குழந்தையும் ராமானுஜன் இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். சரிதான். மேதை எப்படியோ முட்டி மோதி வெளியே வந்துவிட்டார். ராமசாமி ஐயர் போல ஒருவர் நோட்டைப் புரட்டிப் பார்க்காத கோடிக்கணக்கான சாதாரணப் பிள்ளைகளைப் பற்றித்தான் என் கவலை.

நம் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் படித்தவர்களுக்கு ரேங்க் கார்டு தெரியும். பாடவாரியாக மார்க், கீழே மொத்தம், அதற்கும் கீழே ரேங்க், பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. அப்பா முதலில் பார்ப்பது ரேங்க் கட்டத்தைத்தான். அது போன மாதத்தைவிட ஏறியிருந்தால் வீட்டில் சமாதானம். இறங்கியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வகுப்பில் எல்லோருமே நன்றாகப் படித்துப் பத்து மார்க் கூடுதலாக எடுத்தாலும், முப்பதாவது பிள்ளை முப்பதாவதுதான். அவன் கற்றுக்கொண்ட அந்தப் பத்து மார்க் பாடத்தைக் காட்ட அந்த அட்டையில் வழியே கிடையாது.

பொதுத்தேர்வுக் காலத்தில் இதே ரேங்க் மாநில அளவுக்கு வீங்கியது. ஸ்டேட் ஃபர்ஸ்ட், மாவட்டத்தில் முதலிடம், பாடத்தில் சென்டம் என்று மே மாதம் முழுக்கப் பத்திரிகையிலும் பள்ளி விளம்பரத்திலும் குழந்தைகளின் முகங்கள். 2017 மே மாதம் தமிழக அரசு அந்த வழக்கத்தை நிறுத்தியது. பொதுத்தேர்வு முடிவோடு முதல் மூன்று இடங்களை அறிவிப்பதில்லை என்று முடிவெடுத்தது. கேம்பிரிட்ஜ் 1909இல் செய்ததை நாம் 108 ஆண்டு கழித்துச் செய்தோம். தாமதம்தான், ஆனாலும் நல்ல முடிவு.

எடுத்ததன் இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் சிரமம். 2012-13இல் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. பருவத் தேர்வுக்கு 60, வகுப்பில் பருவம் முழுக்கச் செய்யும் வேலைக்கு 40. நோக்கம் அருமை. ஆனால் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அந்த 40 மார்க்குக்கு ரெக்கார்டு எழுதியே ஆசிரியரின் பொழுது கழிந்தது. பிள்ளையைக் கவனிக்க வேண்டிய கண் படிவத்தில் மாட்டிக்கொண்டது. 2022இல் தொடக்க வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் இருக்கும் நிலையை வைத்துப் பிரித்தார்கள். மொட்டு நிலை என்றால், எதுவரை வாசிக்கத் தெரியும், அடுத்து எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசிரியருக்கு ஒரு கைகாட்டி கிடைக்கிறது. எத்தனாவது ரேங்க் என்ற எண்ணால் அதைச் செய்ய முடியாது.

கணக்கில் 62 எடுத்த இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்திக்கு இயற்கணிதம் தண்ணீர் பட்ட பாடு; வடிவியல் வராது. இன்னொருவனுக்கு எல்லாமே ஓரளவு வரும். பின்னக் கணக்கு வந்தால் மட்டும் தடுமாறுவான். இருவருக்கும் வேண்டிய உதவி வேறு வேறு. இருவர் கார்டிலும் இருப்பது ஒரே 62. பள்ளி பெற்றோருக்கு அனுப்ப வேண்டியது இந்த இரண்டு வரி விவரத்தை: உங்கள் பிள்ளைக்கு இது வருகிறது, இது இன்னும் வரவில்லை, வருவதற்கு நாங்கள் இதைச் செய்கிறோம். எண் இருக்கட்டும், சிபாரிசைத் தோற்கடித்த எண் அது. எண்ணோடு முடித்துக்கொள்ளக்கூடாது என்பதுதான் என் வாதம். அதை எழுத ஆசிரியருக்கு நேரம் வேண்டும், வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கை குறையவேண்டும். அதற்கு அரசு செலவழிக்கத்தான் வேண்டும்.

ரேங்க் போகட்டும், மார்க்காவது உறுதியானதுதானே, 62 என்றால் 62தானே என்று இத்தனை நேரமும் நாம் நம்பிக்கொண்டிருந்தோம். ராமானுஜன் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த அதே 1912ஆம் வருடம், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவருக்கு அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கத் தோன்றியது. இரண்டு மாணவர்களின் ஆங்கில விடைத்தாள்களை அப்படியே படியெடுத்து உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். வழக்கமாக எப்படித் திருத்துவீர்களோ அப்படியே திருத்தி நூற்றுக்கு மார்க் போடுங்கள் என்றார்கள். 142 பள்ளிகளின் திருத்தம் திரும்பி வந்தது. ஒரு தாளுக்கு ஓர் ஆசிரியர் கிட்டத்தட்ட முழு மார்க் போட்டிருந்தார். அதே தாளுக்கு இன்னொருவர் போட்டது 50.

மொழிப்பாடம் என்றால் அப்படித்தான், அது ரசனை சம்பந்தப்பட்டது, கணக்கில் இப்படி நடக்குமா என்று எதிர்ப்பு கிளம்பியது. நியாயமான கேள்வி. கணக்கில் விடை சரி, அல்லது தப்பு. இருவரும் வாதத்துக்குப் போகவில்லை. ஒரு வடிவியல் விடைத்தாளை எடுத்தார்கள். படியெடுத்தார்கள். இந்த முறை கணித ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள்.

116 மார்க்குகள் திரும்பி வந்தன. பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

(தொடரும்)